கொன்னாச்சா?

வெடிக்கு அந்தப் பட்டப்பெயர் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. பென்சிலை ஒளித்து வைத்தவனின் முன்பல்லைப் பெயர்த்தவன் அவன். அதன்பிறகு இரண்டு கதவு, ஒரு டிவி, சுவரை உதைத்ததில் தன் சொந்தக் கால் கட்டைவிரல் என்று அவன் கோபம் எதையும் விட்டுவைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவன் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"என்னை என்ன வேணா திட்டுங்க. என் தம்பி மேல மட்டும் கை வைக்கக் கூடாது."

அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. வெடி தலையாட்டினான். ஒன்பது வருடம் வாக்கைக் காப்பாற்றவும் செய்தான், சும்மா சொல்லக்கூடாது.

மச்சினனும் அவனும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். மச்சினனுக்குத் தொட்டி. அதிலுள்ள நுண்ணுயிர்களுக்கு எண்ணெய் ஊற்றிக் கொழுக்க வைப்பான். நாம் தொப்பை போடுவதுபோல அவை உடம்புக்குள் பிளாஸ்டிக் சேர்க்கும். மண்ணில் போட்டால் மக்கிப்போகிற சாது பிளாஸ்டிக். அதைக் குடுவையில் கரைத்து, கிருமியை ஒழிக்கும் மருந்தை அதோடு வால்போல ஒட்டி, காயத்துக்குப் போடும் படலமாக மாற்றுவது வெடியின் வேலை.

இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான் புழங்கியது. தொட்டியைச் சூடாக்கி நுண்ணுயிர்களை முடிப்பதும் கொல்வதுதான். குடுவையில் மிச்சமிருக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கிற ரசாயனத்தின் வீரியத்தைச் சொட்டுச் சொட்டாக அடக்குவதும் கொல்வதுதான்.

அன்று சாப்பிடப் போகும்போது வெடி மச்சினனிடம் சொன்னான்: "நான் வரதுக்குள்ள கொன்னு வை."

திரும்பி வந்ததும் கேட்டான். "கொன்னாச்சா?"

"கொன்னாச்சு மாமா."

மச்சினன் கொன்றது தொட்டியை. வெடியோ குடுவையைத்தான் சொல்கிறான் என்று நம்பி, அதைத் தூக்கித் தண்ணீர் ஜாடிக்குள் அப்படியே கவிழ்த்தான். ஜாடி வெடித்தது. கண்ணாடி இடது மணிக்கட்டைக் கிழிக்க, ரத்தம் சுவரில் பீய்ச்சியடித்தது.

அதன்பிறகு அவன் மனிதனாக இல்லை. வலது கையால் மச்சினன் கழுத்தைப் பிடித்து இரும்புக் கதவில் மோதினான். மறுபடி மோதினான். மூக்கு உடைந்தது.

"பொய்யாடா சொல்ற?"

மச்சினன் இரண்டு கையாலும் அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினான். திருப்பி அடிக்கப் பார்க்கிறானா, இந்தப் பொடியன்? வெறி இன்னும் தலைக்கேறியது. மச்சினன் சரிந்து விழும்வரை மோதினான். விழுந்தும் அவன் பிடியை விடவில்லை. ஓடிவந்த காவலாளிதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் கேட்டார்: "யாரோ இந்த எடத்த நல்லா அழுத்திப் பிடிச்சிருக்காங்க. இல்லேனா நீங்க வழியிலேயே போயிருப்பீங்க. யாரு அது?"

வெடிக்கு அப்போதுதான் புரிந்தது. எதிர் அறையில், மூடிய கதவுக்குப் பின்னால், மச்சினனின் மண்டைக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

மனைவி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அவன் சட்டை ரத்தத்தைப் பார்த்தாள். அந்தக் கதவைப் பார்த்தாள்.

"கொன்னுட்டீங்களா?"

"தெரியல" என்றான்.

அவள் ஓங்கி அறைந்தாள். விடாமல் அறைந்தாள். கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவன் தடுக்கவில்லை. அந்தக் கையைக் காப்பாற்றியவன் இன்னும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தான்.