பச்சைத் துணி முடிச்சு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே சூட்கேஸ் விற்கும் அத்தியா, வெளிநாடு போகிறவர்களுக்குக் கேட்காமலே யோசனை சொல்வாள். யார் பொட்டலம் கொடுத்தாலும் வாங்காதே. பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

"ஏர்போர்ட்ல எல்லாப் பொட்டியும் ஒரே மாரி இருக்குமே, என்னுத எப்பிடிக்கா கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டான், கல்வராயன் மலையிலிருந்து வந்த மாயவன்.

அத்தியா தன் பழைய பச்சைச் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கைப்பிடியில் முடிந்தாள். "இத வெச்சி அடையாளம் கண்டுக்கலாம், போ."

மறு வருஷம், நல்ல உச்சி வெயிலில், மாயவன் கடை வாசலில் நின்றான்.

"எப்ப வந்த? வூட்டுக்குப் போவலியா?"

"பொட்டி போயி சேந்துடுச்சிக்கா. எனக்குத்தான் நடக்க முடியல."

அத்தியா குனிந்து பார்த்தாள். அவன் இரண்டு கால் கட்டைவிரல்களையும் அந்தப் பச்சைத் துணிதான் சேர்த்துக் கட்டியிருந்தது.