ஓரகத்திக்கு வந்த வளைவு

லிங்ஜுவின் புருஷன் ஒரு வருஷம் முன்னதாகச் செத்திருந்தால் அவளுக்கும் கல் வளைவு கிடைத்திருக்கும். இதை அவளே வாய்விட்டுச் சொல்வாள். கேட்கிறவர்கள்தான் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

மஞ்சு அரசர்கள் பீக்கிங்கிலிருந்து ஆண்ட காலம். ஹுய்ஜோவ் மலைநாட்டுச் செங் குலத்து ஆண்கள் தேயிலை விற்கக் கீழ்நாட்டுக்குப் போனார்கள்; பலர் திரும்பவில்லை. முப்பது வயதைத் தாண்டுவதற்குள் விதவையாகி, இன்னொருவனைக் கட்டாமல் ஐம்பதைத் தொட்டவளுக்கு அவள் கற்பைப் போற்றி, அரசர் ஆணையோடு ஊர்வாசலில் கல் வளைவு எழும். குலத்துக்கே பெருமை. லிங்ஜு விதவையானபோது வயது முப்பத்தொன்று. அவள் கொழுந்தன் பெண்டாட்டி பெய்யுன் இருபத்து நான்கிலேயே விதவையானவள்.

இருவருக்கும் ஒரே முற்றம், ஒரே அடுப்பு. மாமியார் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் பீத்துணி அலசியது லிங்ஜுதான். ஆனால் பெய்யுன் ஐம்பதைத் தொட்ட வசந்தத்தில் குலத் தலைவர் ஹுவாய்ரென் அடிக்கடி வரத் தொடங்கினார். பெய்யுனைத்தான் நலம் விசாரிப்பார். தேநீர் கொண்டுவந்து வைக்கிறவளை ஏறிட்டும் பார்க்கமாட்டார். லிங்ஜு கிண்ணத்தை நங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

அவள் காந்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இருவரும் விதவையாகிச் சில வருஷத்தில் பெய்யுன் ஒரு விடியலில் மூட்டையோடு புறப்பட்டாள். கூடை பின்னுகிறவன் ஒருவன் ஆற்றில் படகோடு காத்திருந்தான். வாசற்கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்து, படகு போகும்வரை அவளை மறித்தவள் லிங்ஜு. நான் காத்துக் கொடுத்த கற்புக்கு இவளுக்கு வளைவா?

வளைவு கேட்டு அதிகாரிக்குப் போகும் மனுவில் பத்து வீட்டார் கைநாட்டு வைக்க வேண்டும். மாதம் இருமுறை அரசரின் நல்லுரைகளைத் தலைவர் வாசிக்கும் குலக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். கடைசியாக லிங்ஜுவின் முறை. அவள் மையைத் தொடவில்லை.

"கூடைக்காரன் கதைய எழுதியாச்சா, பெரிய மாமா?"

"எந்தக் கூடைக்காரன்?" என்றார் ஹுவாய்ரென்.

"இவ ஓடப் பாத்தாளே, அவன்தான். நான் மறிக்கலேன்னா..."

"நீ எதையும் பாக்கல."

"என் கண்ணால பாத்தேன் மாமா!"

"கண்ணு ஒன்னுது. கண்டது என்னன்னு குலம் சொல்லும். நாட்டுக்கு அரசர் அப்பா, ஜில்லாவுக்கு அதிகாரி அப்பா, இந்தக் கூடத்துக்கு நான். அப்பன எதுத்துப் பேசுற பிள்ளைய என்ன பண்ணுவாங்க, தெரியுமில்ல?"

எல்லோருக்கும் தெரியும்; கழுத்தில் கயிறுதான். பக்கத்து வீட்டு டோஃபுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒம்போது வீடு கைநாட்டு வெச்சாச்சு அக்கா. மனு பொய்யின்னு ஆச்சுன்னா அத்தன வீட்டுக்கும் மூங்கிலடி. எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே இடுப்பு சரியில்ல. ஒங்க வயித்தெரிச்சலுக்கு அவரா அடி வாங்கணும்?"

யாரோ சிரித்தார்கள். லிங்ஜு பெருவிரலை அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் பெய்யுன் மூங்கில் குருத்து உரிக்க உட்கார்ந்தாள்.

"நான் சொன்னதுல பொய் உண்டாடி?"

"இல்லக்கா. ஆனா பாதிதான் சொன்னீங்க. அன்னிக்கு எதுக்கு மறிச்சீங்க?"

"குல மானத்துக்கு."

"மானமா! ஒருத்தன் எனக்காகப் படகு கொண்டாந்து நின்னான். ஒங்கள எட்டிப் பாக்க ஒரு நாதியில்ல. அதான் மறிச்சீங்க. இப்ப கல்லுக்கும் எரியிறீங்க. வேணும்னா எடுத்துக்குங்க, எனக்கு வேண்டாம்."

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

மறுவருஷம் வளைவு எழுந்தது. வெடி, மேளம், பன்றி இறைச்சி விருந்து. பெய்யுன் அண்ணாந்து தன் பெயரைத் தேடினாள். 'செங் வீட்டு மனைவி, வாங் வீட்டு மகள்' என்றுதான் வெட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் சந்தைக்குப் போகக் கூடாது, வாசலில் நின்று பேசக் கூடாது, நகரத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகக் கூடாது. அரசர் கொடுத்த பெயருக்குத் தூசு படக் கூடாதாம். லிங்ஜு நினைத்தபோது சந்தைக்குப் போனாள், பேரம் பேசிச் சண்டை போட்டாள். அப்படியும் வளைவைக் கடக்கும்போதெல்லாம் நெஞ்சு காந்தத்தான் செய்தது. பெண் கொடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் அதைத்தான் நின்று பார்த்தார்கள். சந்தைக் கூடையோடு போகிற கிழவியை யாரும் பார்க்கவில்லை.

பெய்யுன் வெகுநாள் இருக்கவில்லை. ஒரு பனிக்காலத்தில் இருமலோடு படுத்தவள் எழவில்லை. சாவு வீட்டில் எல்லோரையும்விட உரக்க அழுதவள் லிங்ஜு. எதற்கு அழுதோம் என்று அவளுக்கே தெரியாது.

"ஓரகத்தின்னா இப்படித்தான் இருக்கணும்!" என்றார் ஹுவாய்ரென், நாலு பேர் கேட்கும்படி.

செங் குலத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை காலத்தில் அவர் அவளைப் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. லிங்ஜு மூக்கைச் சிந்திப்போட்டு, இன்னும் உரக்க அழத் தொடங்கினாள்.