ஊமைக்கோட்டான் அறையில் ரேடியோ

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் ரேடியோ என்றுதான் சொல்வார்கள். அதுவும் அணைக்கிற பொத்தான் உடைந்துபோன ரேடியோ. காலையில் கண் விழிக்கும் முன்பே தொடங்கும் பேச்சு, ராத்திரி தலையணையில் தலை சாய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத்தான் அடங்கும்.

பிழைப்பு, உடம்பு பிடித்துவிடுவது. கடைத்தெரு மாடியில் அடுத்தடுத்து இரண்டு சின்ன அறைகள். ஒன்று அவளுக்கு, மற்றது அவள் கூட்டாளிக்கு. கூட்டாளிக்கு ஊர் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். பேச்சு வராதவள் இல்லை, பேச மனசு வராதவள். திரும்பிப் படு என்பதைத் தோளில் ஒரு தட்டு தட்டிச் சொல்வாள். முடிந்தது என்பதற்கு இரண்டு தட்டு. இப்படி ஒருத்தி இருந்ததால்தான் ரேடியோவோடு கூட்டுத்தொழில் இத்தனை வருஷம் ஓடியது. இரண்டு ரேடியோக்கள் இருந்திருந்தால் மாடியே இடிந்து விழுந்திருக்கும்.

கழுத்துப் பிடித்துக்கொண்ட தையல்காரம்மா, நின்று நின்று குதிகால் போன டீச்சர், மாசமாக இருக்கிற பெண்கள், எல்லோரும் ரேடியோவிடம் வருவார்கள். மாசமான பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு முட்டுக்கொடுக்க ஒரு குட்டித் தலையணை வைத்து, வயிற்றுப் பக்கம் கையே போகாமல் முதுகையும் இடுப்பையும் மட்டும் நீவிவிடுவாள். கை தங்கமான கை. ஆனால் அது வாயோடு பூட்டிய கை. சண்டைக் கதை சொன்னால் கட்டைவிரல் ஆழமாக இறங்கும், கல்யாணக் கதை சொன்னால் பஞ்சாக நகரும். விவரம் தெரிந்தவர்கள் கல்யாணப் பேச்சை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் குப்புறப் படுப்பார்கள்.

ஒருநாள் தையல்காரம்மா தலையணைக்குள் முகத்தைப் புதைத்தபடி கேட்டாள்.

"ஏங்க்கா, உங்க பையன் புது வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கணும்னு அளவு குடுத்துட்டுப் போனாரே, நீங்க எப்பக் குடி போறீங்க?"

ரேடியோவின் கை நின்றது. வாயும் நின்றது. தையல்காரம்மா பயந்துபோய்த் தலையைத் தூக்கி, "என்னக்கா, கரண்டு போயிடுச்சா?" என்றாள்.

புது வீடு பார்த்தது அவளுக்கு இல்லை என்பது அப்போதே புரிந்துவிட்டது. மகனும் மருமகளும் தனியாகப் போகிறார்கள். மருமகளுக்கு ஏழாவது மாசம். பிறக்கப்போகிற குழந்தையைக் குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, முதல் பல்லைத் தடவிப் பார்ப்பது என்று ரேடியோ கட்டி வைத்திருந்த கோட்டையெல்லாம் பொலபொலவென்று சரிந்தது. ஊர்ச் சமாச்சாரம் அத்தனையும் நுனிநாக்கில் வைத்திருந்தவளுக்கு இந்த ஒன்றை மட்டும் மகனிடம் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானே! அதனால் மற்ற விஷயங்களை இரண்டு மடங்கு பேசினாள்.

போதாததற்கு இன்னொரு வருத்தம். மருமகளுக்கு இடுப்பு வலி. "வாம்மா, நான் நீவி விடறேன்" என்று ரேடியோ எத்தனையோ தடவை கூப்பிட்டாள். "எனக்கு யார் கை பட்டாலும் கூச்சம் அத்தை" என்று அந்தப் பெண் நழுவிவிடும். ஊர் இடுப்பையெல்லாம் சரி பண்ணுகிற கை, சொந்த வீட்டு இடுப்புக்கு ஆகவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், வீடு தேடிப் போய்ப் பிடித்துவிட வேண்டிய அம்மாளுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டதால், ரேடியோ சீக்கிரமே மாடிக்குத் திரும்பினாள். படியேறி முடிக்கும்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஊமைக்கோட்டான் வெளியே வந்தாள். வந்த கோலம்தான் கோலம்! கீழே விழுந்த எண்ணெய் பாட்டிலை எடுக்கக் குனிந்தவளுக்குக் குனிந்தபடியே இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. தலை முழங்காலைப் பார்க்க, ஒரு கை இடுப்பில், மறு கை பாட்டிலில். அந்த நிலையிலும் வாயைத் திறக்கவில்லை. பாட்டிலை ரேடியோ கையில் திணித்து, உள்ளே ஆள் இருக்கிறது, போய் முடி என்று சைகை காட்டிவிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து பெஞ்சில் போய்ச் சாய்ந்தாள்.

ரேடியோ உள்ளே போனாள். சுவரைப் பார்த்து ஒருக்களித்து ஒரு பெண் படுத்திருந்தாள். கண்மேல் ஒரு சின்னத் துண்டு. அது ஊமைக்கோட்டான் அறை வழக்கம். வணக்கம் சொல்ல வாயெடுத்த ரேடியோவின் கண்ணில் அந்தக் கொண்டை கிளிப் பட்டது. பச்சைக் கிளிப். போன மாசம் அவளே மருமகளுக்காகக் கடையில் பேரம் பேசி வாங்கியது.

கூச்சமாம் கூச்சம்! அத்தை வெளியே போகிற நேரம் பார்த்து வந்து படுத்திருக்கிறாள்! அவளுக்கு வந்த கோபத்தில் பாட்டில் நழுவப் பார்த்தது.

"விட்ட இடத்துலேர்ந்து பிடிங்கக்கா" என்றாள் மருமகள். "என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், எங்க அத்தை."

ரேடியோ வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி இடுப்பில் வைத்தாள். ஒரு வார்த்தை வெளியே வந்தால் குட்டு உடைந்துவிடும்.

"நல்ல மனசுதான்க்கா. ஆனா பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவாங்க. பேசிக்கிட்டே சமைச்சு உப்பை ரெண்டு தடவை போட்டுடறாங்க."

கட்டைவிரல் தானாக இறங்கியது.

"ஆ! மெதுவாக்கா. ஆனா அதெல்லாம் கூடப் பரவாயில்லை. என்னைப் பார்த்தா போதும், பிரசவக் கதைதான். எவளுக்கோ ரெண்டு நாள் வலியாம், எவளுக்கோ குழந்தை குறுக்க நின்னுச்சாம், எவளுக்கோ ரத்தம் நிக்கவே இல்லையாம். எனக்கு ராத்திரி தூக்கமே வரலைக்கா. கண்ணை மூடினா அதுதான் வருது. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க. அதான் பேசாம தனியாப் போயிடலாம்னு வீடு பார்த்தோம்."

ரேடியோவின் கை அப்படியே இருந்தது. அந்தக் கதைகளை அவள் சொன்னது தைரியம் கொடுப்பதற்காக. எல்லாக் கதையும் கடைசியில் நன்றாகத்தானே முடியும்! ஆனால் யோசித்துப் பார்த்தால், கடைசிக்கு வருவதற்குள் அவள் வேறு கதைக்குத் தாவியிருப்பாள். தாயும் பிள்ளையும் நலம் என்கிற இடத்துக்கு எந்தக் கதையும் போய்ச் சேர்ந்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

பிறகு கை நகர்ந்தது. வாயில் எந்தக் கதையும் இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாகக் கை மட்டும் தனியாக. உள்ளங்கையால் முதுகின் இரண்டு ஓரமும் மெல்ல நீவி, இடுப்பெலும்பைச் சுற்றி வட்டமாக வந்து, வயிற்றைச் சுமந்து கட்டிப்போன இடத்தில் தங்கித் தங்கிப் போனாள். மருமகளின் பேச்சு குழறியது. பிறகு சின்னக் குறட்டை கேட்டது. தூங்காத பெண் தூங்கினாள். நெஞ்சில் பேச்சு முட்டிக்கொண்டு நின்றபோதும் ரேடியோ நீவிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று முக்காலியில் இருந்த செல்போன் அலறியது. திடுக்கிட்டு விழித்த மருமகள், துண்டு கண்ணில் இருக்க, படக்கென்று மல்லாந்து, போனை எடுக்க நேராக எம்பினாள்.

"அடியே! நேரா எழும்பாதே! ஒருக்களிச்சுப் படு, கையை ஊனிக்கிட்டு மெதுவா எழு!"

கடைத்தெரு முழுக்கத் தெரிந்த குரல். கீழே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒருக்களித்திருப்பார்கள்.

மருமகள் சொன்னபடியே செய்தாள். ஒருக்களித்து, கை ஊன்றி, மெல்ல உட்கார்ந்து, துண்டை எடுத்தாள். பார்த்தாள். போன் அடித்து ஓய்ந்தது.

"அத்தை... எவ்வளவு நேரமா?"

"உப்புலேர்ந்து" என்றாள் ரேடியோ.

ரேடியோ எண்ணெய்க் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கதைக்கெல்லாம் முடிவு இருக்குடி. எல்லாரும் நல்லா இருக்காங்க. குறுக்க நின்ன குழந்தை இப்ப சைக்கிள்ல வந்து தெரு நாயையெல்லாம் விரட்டுது. நான்தான் சொல்லாம விட்டுட்டேன். தப்புதான். உன்னைப் பயமுறுத்திட்டேன். நீ எங்க நிம்மதியா இருப்பியோ அங்க இரு. நான் எப்பவாவது வந்து பார்த்துட்டு..."

போன் மறுபடி அடித்தது. மருமகள் எடுத்தாள். மறுமுனையில் மகன்.

"சொல்லுங்க... தையல் கடையிலயா இருக்கீங்க? துணி வெட்டப் போறாங்களா? இருங்க, வெட்ட வேணாம்னு சொல்லுங்க." மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த அளவு வேணாம். நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்க. நம்ம வீட்டு ஜன்னல் சின்னதுதானே? ஆமாங்க, அத்தை வீட்டு ஜன்னல்தான்."

போனை வைத்துவிட்டு மறுபடி ஒருக்களித்துப் படுத்து, துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டாள். "இடது பக்கம் இன்னும் பாக்கி இருக்கு அத்தை. ஆனா பேசக் கூடாது."

ரேடியோவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்க, எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டாள். மாடியே நிசப்தமாக இருந்தது.

அப்போது வெளிப் பெஞ்சிலிருந்து, அந்தக் கடைத்தெருவில் அதுவரை யாருமே கேட்டிராத ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது.

"உங்க கொஞ்சல் முடிஞ்சுதுன்னா, யாராவது வந்து என்னை நிமித்தி விடுங்கடி!"