கடைமடைக்காரர்கள் ஏன் யூரியா வாங்குவதில்லை?

உரக்கடைக்காரிக்கு ஊரார் வைத்த பெயர் ஏனக்கா. யூரியா கேட்டு வந்தவரை மூட்டையை மட்டும் கொடுத்து அனுப்ப அவளுக்கு மனசு வராது. ஏன் இன்றைக்கு வாங்குகிறீர்கள், ஏன் போன வாரம் வாங்கவில்லை, பக்கத்து வயல்காரர் ஏன் இன்னும் வரக் காணோம் என்று நாலு கேள்வியையும் சேர்த்துத்தான் தருவாள். உரத்துக்குத்தான் காசு, கேள்வி இலவசம் என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டுமே, அதற்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா?

கடை என்றால் முன்னால் நீளமான ஓர் அறை, பின்னால் சின்னதாக இன்னொன்று. மூட்டைகளில் ஈரம் ஏறாமல் இருக்கத் தரையில் மரப்பலகை. சுவரோரம் பூச்சிமருந்து அலமாரி, நெடி மூக்கைத் துளைக்கும். வருஷத்தில் பாதி நாள் அவள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். கால்வாயில் தண்ணீர் விட்டு, நடவு முடிந்து, பயிர் வேர் பிடித்ததோ இல்லையோ, வரும் பாருங்கள் கூட்டம்! வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. இரவு ஒரு மழை பெய்தால் காலையில் கூட்டம் இரட்டிப்பாகும். வானம் காய்ந்து கிடந்தால் ஒரு குஞ்சுகூட எட்டிப்பார்க்காது. ஒருவர் வயல் பச்சையாகத் தெரிந்துவிட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். எப்போது உரம் போடுவது என்பதைப் பாதி பயிர் சொல்கிறது, பாதி பக்கத்து வயல் சொல்கிறது என்பது அவள் எண்ணம்.

ஒன்று மட்டும்தான் அவள் மண்டையைக் குடைந்தது. கால்வாயின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடை நிலங்களுக்குத் தண்ணீர் முதலில் கிடைக்கும். கடைசியில் இருக்கும் கடைமடைக்குப் போய்ச் சேர ஒரு மாதம் பிந்தும். நடவும் ஒரு மாதம் பிந்தும். அப்படியானால் உரத்துக்கும் அவர்கள் ஒரு மாதம் கழித்து வரவேண்டும் அல்லவா? வருவதே இல்லை. ஏன்?

"அவங்க சரியான கஞ்சப்பசங்க" என்றார் ஒருவர். "அது வண்டல் மண்ணு, உரமே வேண்டாம்" என்றார் இன்னொருவர். அவள் கணவன் கடைக்கு வண்டி ஓட்டுகிறவன். அவன் இரண்டும் சொல்லவில்லை. "வர்றவங்களுக்கே பதில் சொல்லி மாளல. வராதவங்க ஏன் வரலன்னு நீ எதுக்கு மண்டைய உடைச்சுக்கற?" என்றான்.

அடுத்த பருவத்துக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று கேட்க உரக் கம்பெனி ஆள் வந்தபோது, கடைமடைக்கும் சேர்த்து அனுப்பச் சொன்னாள்.

"அந்த மாசம் உங்க கடையில வியாபாரமே இல்லையேக்கா. எதுக்கு அனுப்பணும்?"

"விக்கறதுக்கு மூட்டை இருந்தாத்தானே தம்பி வியாபாரம் இருக்கும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அட, ஆமாம்! எந்த வருஷம் அந்த மாதத்தில் கடையில் மூட்டை இருந்தது? தலைமடைக்காரர்கள் துடைத்தெடுத்துக்கொண்டு போன பிறகு வெறும் பலகைதானே கிடக்கும். கம்பெனி ஆள் சிரித்தான். "வித்துக் காட்டுங்க, அனுப்பறோம்."

காட்டுகிறேன் என்று ரோஷத்தோடு கிளம்பிவிட்டாள். அந்தப் பருவத்தில் வந்த சரக்கில் ஒரு பங்கைக் கடையின் பின்னறையில் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினாள். முன்னால் இருந்ததெல்லாம் தீர்ந்ததும், கணவனின் சித்தப்பா வந்து பின்னறைக் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள யாருக்கும்மா பதுக்கி வச்சிருக்க?"

"கடைமடைக்கு மாமா. உங்க வயலுக்குப் போட்டு முடிச்சாச்சே, இன்னும் எதுக்கு?"

"எதுக்கா? இருக்கட்டும்னுதான்! சொந்தக்காரனுக்கு இல்லாத உரம் வராதவனுக்கா?"

மனிதர் குதித்த குதியில் தெருவே கூடிவிட்டது. கணவனுக்கு அவமானம் தாங்கவில்லை. அன்று அவன் சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "ஈரக் காத்து அடிக்க ஆரம்பிச்சா எல்லாம் கல்லாப் போயிடும். அது மட்டும் விக்காம நின்னுச்சுன்னா, கடைய சித்தப்பா மகன்கிட்ட விட்டுடறேன். நீ வீட்ல உக்காந்து யாரை வேணா கேள்வி கேளு" என்றான். சொன்னால் செய்கிறவன். அவளுக்கோ அந்தக் கடைதான் உயிர்.

கடைமடைக்காரர்கள் வரவேண்டிய நாளும் வந்தது. ஒருவர் வரவேண்டுமே! வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். பின்னறைக்குப் போய் மூட்டையை அழுத்திப் பார்த்தாள். மூலைகள் இறுகத் தொடங்கியிருந்தன. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைமடைக்கே போய்விட்டாள்.

நட்ட வயலெல்லாம் மஞ்சளாக வெளிறி நின்றது. நடாத வயல்களும் இடையிடையே கிடந்தன. களை பறித்துக்கொண்டிருந்த ஒருத்தியை வரப்பில் நின்று கூப்பிட்டாள்.

"ஏம்மா, பயிர் இப்படிக் கிடக்கே, உரம் போடலியா?"

"எங்க போய் வாங்கறது?"

"என் கடையில இருக்கே! ஏன் யாருமே வரல?"

அந்தப் பெண் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கடையா? தினமும் பஸ்ல தாண்டித்தானேக்கா போறோம். முன்னால மூட்டை தெரியுதான்னு ஜன்னல் வழியா பாப்போம். தெரிஞ்சா எறங்கலாம். எறங்கிட்டு இல்லைன்னா அடுத்த பஸ்ஸுக்குப் பொழுது போயிடும். ஒரு வருஷமாவது தெரிஞ்சிருக்கா? நேத்துகூடப் பாத்தேன், வெறும் பலகைதான் கிடந்துச்சு."

உரக்கடைக்காரிக்கு வந்த சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. யாருக்காக ஒளித்து வைத்தாளோ, அவர்கள் கண்ணிலிருந்தே ஒளித்து வைத்திருக்கிறாள்! இத்தனை வருஷம் ஊரையெல்லாம் கேட்டாளே, இங்கே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

திரும்பியதும் கணவனைக் கையோடு இழுத்துவந்து, மூட்டைகளை வாசலிலேயே அடுக்கச் சொன்னாள். "தெருவுல வச்சா மட்டும் வந்துடுவாங்களாக்கும்" என்று முணுமுணுத்தபடியே தூக்கினான். வியர்வை துடைப்பதற்குள் கடைமடையிலிருந்து பஸ் வந்தது. கடையைத் தாண்டிப் போயே போய்விட்டது. அவன் வாயைத் திறந்தான். அதற்குள் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரே கூச்சல், விசில் மேல் விசில். கொஞ்ச தூரம் தள்ளிக் கிறீச்சென்று நின்றது. "ஏன்யா, ஊரே எறங்குதா?" என்று டிரைவர் கத்தினார். ஆண்களும் பெண்களும் முண்டியடித்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்கள்.

ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று சொல்லியும் போதவில்லை. வரிசை பாதியில் நிற்கும்போதே மூட்டைகள் தீர்ந்துவிட்டன. கிடைக்காதவர்கள் முனகிக்கொண்டே கலைந்தார்கள். வயலில் பார்த்த பெண்ணும் வெறுங்கையோடுதான் நின்றாள். உரக்கடைக்காரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இந்த வருஷம் போனாப் போகுதுக்கா" என்றாள் அந்தப் பெண். "உரம் கிடைக்காதுன்னு பாதி நெலத்த நடாமலே போட்டிருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அடுத்த தடவ அதையும் சேத்து நட்டுடலாமா? நம்பி நடலாமா?"

கம்பெனி அனுப்புமா, சித்தப்பா விடுவாரா, எதை நம்பி உரக்கடைக்காரி வாக்குக் கொடுப்பாள்?

"நடும்மா" என்றான் அவள் கணவன், தார்ப்பாயை மடித்துக்கொண்டே. "வாசல்லயே வச்சிருப்போம்."