அக்குலீனா கடலைத் திறந்த வியாழக்கிழமை

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரே அக்குலீனாவின் குரலுக்குக் காத்திருக்கும். அலாஸ்காவின் தென்கரையில், ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற ஊர். முட்டையிட ஆற்றில் ஏறவரும் சால்மனை வழியிலேயே செவுள் வலை போட்டுப் பிடிப்பதுதான் இங்கே பிழைப்பு. ஆனால் நினைத்தபோது வலை போட முடியாது. போக வேண்டிய மீன் ஆற்றுக்குள் போய்விட்டதா என்று பார்த்து, எந்தக் கிழமை, எந்நேரம் முதல் எந்நேரம் வரை கடல் திறந்திருக்கும் என்று மீன்வள அலுவலகம் வானொலியில் சொல்லும். முடிவு செய்பவளும் அக்குலீனா, அதைப் படிப்பவளும் அக்குலீனா.

அவள் அப்பாவும் வலைக்காரர். அவள் சிறுமியாக இருந்தபோது மீனே வராமல் போன வருஷங்கள் உண்டு. "போன தடவை எல்லாத்தையும் அள்ளிட்டீங்க, அதான் வரல" என்று சொல்லி அப்பாவிடம் அறை வாங்கியிருக்கிறாள். மீனை அள்ளவிடாமல் காக்கிற அந்த வேலைக்குத்தான் கடைசியில் போனாள்.

கடையில் ரொட்டி வாங்க நின்றால்கூட யாராவது சீண்டுவார்கள். "லீனா, கதவு எப்போ திறப்பே? இல்ல, சாவியத் தொலைச்சிட்டியா?"

"சாவி மீன்கிட்ட இருக்கு. போய்க் கேளு" என்பாள்.

நான் படகுத்துறையில் டீசல் ஊற்றுகிறவள். அவளுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி என்றும் சொல்லலாம். மற்றவர்களோடு நெருங்கிப் பழக அவளுக்குப் பயம். கடல் திறக்கும் நேரத்தை யாருக்கோ முன்கூட்டியே சொல்லிவிட்டாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. தம்பி நிகித்தாவிடம்கூட அப்படித்தான். அம்மா போனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் வளர்ந்து சொந்தப் படகில் தனியாளாக வலை போட ஆரம்பித்த அன்றே சொல்லிவிட்டாள்: "இந்த வீட்டுக்கு எப்ப வேணாலும் வா, சாப்பிடு. கடலைப் பத்தி மட்டும் பேசாதே. வானொலியில எல்லாரும் கேக்கறதத்தான் நீயும் கேக்கணும்." அவனும் பேசியதில்லை. மீனும் சோறும் வைத்துச் சுட்ட பிரோக்கை முக்கால்வாசி தின்றுவிட்டு, அவள் நாயைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான்.

அந்த வருஷம் மீன் தாமதித்தது. வாரக்கணக்கில் கடல் மூடியே கிடந்தது. துறையில் கட்டிய படகுகளில் ஆண்கள் வெறுமனே உட்கார்ந்து வலையைப் பிரித்துப் பிரித்துச் சுருட்டினார்கள். நிகித்தாவின் மனைவி தார்யா நிறைமாதமாக இருந்தாள். ஒருவழியாக ஆற்றில் மீன் ஏறியது. வியாழக்கிழமை காலையிலிருந்து மாலைவரை திறப்பு என்று முந்தின நாள் லீனா அறிவித்தாள். பலத்த காற்று மாலைக்குப் பிறகுதான் என்று அப்போதைய வானிலைச் செய்தி சொன்னது.

வியாழன் விடிந்ததும் புதுச் செய்தி வந்தது. காற்று மதியமே வரலாம், ஆனால் உறுதியில்லை. லீனா வீட்டில் அதை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிகித்தா காப்பி குடிக்க வந்தான். குவளையைக் காலி செய்த பின்னும் எழவில்லை. பிறகு, முதல் தடவையாக, கேட்டான்.

"காத்து எப்படி இருக்கும்னு உனக்குத் தோணுதுக்கா?"

"வானொலியில சொல்றாங்கல்லடா. கேட்டுக்கோ."

அவ்வளவுதான். அவன் நாயின் காதைத் தடவிவிட்டுப் போனான்.

என்னிடம் டீசல் வாங்கும்போது சிரித்துக்கொண்டே இருந்தான். "மதியம் காத்துங்கறாங்களேடா" என்றேன். "லீனாகிட்ட கேட்டேன். ஒண்ணும் சொல்லல. மோசமா இருந்தா அவ என்னை விட்ருப்பாளா?" என்று கயிற்றை அவிழ்த்தான்.

மதியத்துக்கு முன்பே காற்று திரும்பியது. லீனா உடனே திறப்பை முடித்து, எல்லோரையும் திரும்பச் சொல்லி வானொலியில் அழைத்தாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது. பெரும்பாலானவர்கள் வலையை வாரிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். நிகித்தாவின் வலையில் அந்த வருஷத்தின் முதல் நல்ல மீன் நிறைந்திருந்தது. பக்கத்துப் படகுக்காரர் வலையை வெட்டிவிட்டு வரச் சொன்னாராம். இன்னும் கொஞ்சந்தான் இருக்கு என்றானாம். பாரம் ஏறிய படகோடு ஆற்று முகத்து மணல்திட்டைத் தாண்டும்போது அலை முறிந்து கவிழ்த்துவிட்டது. படகு கிடைத்தது. அவன் மறுநாள் கரை ஒதுங்கினான்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் பின்னே பெண்கள் நின்றிருந்தோம். யாரும் லீனாவைக் குறை சொல்லவில்லை. அலுவலகம் செய்ய வேண்டியதைச் செய்தது என்றே எல்லோரும் சொன்னார்கள். தார்யா மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"அண்ணி, அவனுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் லீனா.

துறையில் அவன் என்னிடம் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை.

அடுத்த திறப்பையும் அவளே அறிவித்தாள். அதன்பின் லேசாகக் காற்று என்றாலும் தள்ளிவைக்க ஆரம்பித்தாள். மறு வருஷம் அப்படித் தள்ளிய இரண்டு நாளில் கூட்டம் கூட்டமாக மீன் ஆற்றுக்குள் போய்விட்டது. படகுகள் துறையில் நின்று பார்த்தன. என் டீசல் பம்பருகே அவள் நின்றிருந்தபோது ஒருவன் வந்து முகத்துக்கு நேரே சொன்னான்: "உன் தம்பி போயிட்டான், வருத்தம்தான். அதுக்காக எங்க புள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

"நீ சொல்றது சரிதான்" என்றாள். "இப்பல்லாம் நான் மீனைப் பாக்கறதில்ல. காத்தை மட்டும்தான் பாக்கறேன்."

பருவம் முடிந்ததும் வேலையை விட்டாள். வேறொருவர் வந்தார். அவர் திறக்கிறார், மூடுகிறார், திட்டும் வாங்குகிறார்.

லீனா இப்போது தார்யாவின் வீட்டில் இருக்கிறாள். தார்யா மீன் பதனிடும் ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். நிகித்தாவின் மகளை லீனா பார்த்துக்கொள்கிறாள். குழந்தை நன்றாக நடக்கிறது. அவர்கள் வீட்டில் வானொலி கிடையாது. ஏதாவது தெரிய வேண்டியிருந்தால் தார்யா என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போவாள்.