எலூயிஸ் அக்காவைப் பார்க்கக் கூடாது

எங்கள் நவஹோ ஊர் சின்லீயில் எலூயிஸ் அக்காவிடம் வசவு வாங்காத ஆள் ஒருவன் இருந்தால், அவன் பள்ளிக்கூடமே போகாதவன் என்று அர்த்தம். எனக்கு நினைவு தெரிந்த நாளாய் அவள்தான் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். மண்சாலையில் வண்டி குலுங்குகிற குலுக்கலில் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் மறந்துபோகும். மீதியைத் தன் பாட்டால் மறக்கடித்துவிடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. ஒரே மகள் டார்வினா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்காவின் பொழுதுபோக்கு இரண்டுதான். அடுத்தவனை வம்புக்கு இழுப்பது, லீலண்டின் படத்தைக் கெடுப்பது.

லீலண்ட் பிட்சிலி அதே பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுக்கிறவன். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத பரம சாது. கோடை விடுமுறை விட்டதும் அக்காவின் பிக்கப் வண்டியில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பிவிடுவோம். பாலைவனத்தைச் சுற்றி அவன் எடுக்கும் படங்கள் டயர் கடைக் காலண்டரில் வரும். வண்டி ஓட்ட அக்கா. வண்டி படுத்துவிட்டால் அதன் அடியில் படுத்துப் புழுதி தின்ன நான். நான் மெக்கானிக், பெயர் வில்பர்ட். என்னை யாரும் படம் எடுத்ததில்லை. போகட்டும்.

ஒரு பாறைக்காக வெயில் சாயும்வரை லீலண்ட் தவம் கிடப்பான். விரல் பொத்தானைத் தொடுகிற நேரம் பார்த்து அக்கா எங்கிருந்தோ உள்ளே நுழைவாள். ஒரு தடவை தொப்பி, ஒரு தடவை துருத்திய நாக்கு. அவளுடைய முழங்கை ஒரு பிப்ரவரி மாதம் முழுக்க ஊரிலுள்ள சுவர்களில் எல்லாம் தொங்கியது.

“அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு படம் ஒழுங்கா எடுக்க விடு” என்று அவன் கெஞ்சுவான்.

“பாறை எங்கடா போகப் போகுது? நான்தான் போய்ச் சேர்ந்துடுவேன். என்னை எடு” என்பாள். இதற்கு அவன் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அவள் அந்தக் கூத்தெல்லாம் அடித்தாள் என்று நான் நினைக்கிறேன்.

போன கோடையில் கிளம்பும்போதே எனக்கு உறுத்தியது. எப்போதும் முன்சீட்டுக்குச் சண்டை போடுகிற லீலண்ட் பின்சீட்டில் போய் ஒடுங்கி உட்கார்ந்தான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு சன்னல் பக்கமே பார்த்தபடி வந்தான். அக்கா கேலி பேசினாள், அவன் மூச்சு விடவில்லை. செம்பாறைச் சமவெளியில் வண்டியை நிறுத்தினோம். வழக்கம்போல அவள் நாக்கை நீட்டிக்கொண்டு படத்துக்குள் பாய்ந்தாள். அவன் கேமராவைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

நீட்டிய நாக்கோடு அக்கா அப்படியே நின்றாள். வெயிலில் அவள் முகம் சுண்டிப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் அவளிடம் முகத்தைத் திருப்புவதற்கு இவன் யார்?

கயெண்டாவில் பெட்ரோல் போட நிறுத்தினோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி சீவிய ஐஸில் வெள்ளரி ஊறுகாய் போட்டு வாங்கிக்கொண்டு அக்கா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

“வில்பர்ட், அவனுக்கு என்ன வந்துச்சு?” என்று உதட்டைக் குவித்து அவன் இருந்த திசையைக் காட்டினாள். “பிப்ரவரி முழங்கைக்கா இன்னும் கோவம்?”

“அது எப்பவோ முடிஞ்ச கதை. நீ வேற ஏதாவது செஞ்சிருப்ப, யோசி.”

“யோசிச்சுட்டேன். ஒரு முழு நீளப் பட்டியலே வருது, எதுன்னு தெரியல” என்றாள். சிரிப்பாகச் சொல்ல நினைத்தாள், முடியவில்லை. “இவனை விட்டா எனக்கு வேற யாருடா இருக்கா வம்பிழுக்க? உன்னை இழுத்தா உனக்கு மூக்கு மேல கோவம் வருது.”

அது உண்மைதான். அதற்காக இப்படி முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமா?

அக்கா ஐஸை என் கையில் திணித்துவிட்டு நேராக அவனிடம் போனாள். அவன் கடை வாசலில் குளிர்பானப் பெட்டியின் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.

“டேய் லீலண்ட். நான் என்ன தப்பு செஞ்சேன்? சொல்லித் தொலை.”

“ஒண்ணுமில்ல அக்கா” என்றான் அவன், பெட்டியைப் பார்த்து.

“என் முகத்தைப் பாத்துச் சொல்லு.”

“முடியாது.”

“ஏன் முடியாது?”

“மரியாதையா இருக்காது” என்றான்.

அக்கா ஓர் அடி பின்வாங்கினாள். எங்கள் நவஹோ ஊர்களில் ஒருவன் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் மரியாதை காட்டுகிறான் என்றால் அவள் அவனுக்கு மாமியார். மருமகனும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் கண் போய்விடும் என்பது பழைய வழக்கம். இப்போது பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் அக்கா மீதிப் பாதி. அவளுடைய அம்மா, மருமகன் வண்டிச் சத்தம் கேட்டாலே விறகுக் கொட்டகைக்குள் ஓடி ஒளிந்த ஆள்.

“டார்வினாவா?” என்றாள் அக்கா.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். போன வாரம்தான் டார்வினா சரி என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் தானே பக்குவமாகச் சொல்வதாகவும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்றும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயைத்தான் மூடினான், மடையன். முகத்தைத் திருப்பினால் அது ஊருக்கே தண்டோரா என்று அவனுக்கு உறைக்கவில்லை.

அக்கா அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டாள். முதலில் கத்தினாள், அப்புறம் சிரித்தாள், அதற்கப்புறம் மூக்கைச் சிந்தினாள். பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். போனை வைத்துவிட்டு வண்டியின் படியில் உட்கார்ந்தாள்.

“நல்ல பையன். இவனை விட நல்லவன் அவளுக்குக் கிடைக்க மாட்டான்” என்றாள். “ஆனா என் கூட்டாளியைக் கொண்டுபோயிட்டாளே வில்பர்ட். இனி நான் யாரு படத்துக்குள்ள நுழைவேன்?”

“இந்தக் காலத்துல யாரு அக்கா அதெல்லாம் பாக்குறா?”

“நான் பாக்குறேன். எங்கம்மா மதிச்சதை நான் மதிப்பேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து லீலண்டின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். “ஆனா ஒண்ணு. கூடையில கை விட்டுச் சோளக்கூழ் தின்னாத்தான் கல்யாணம். நீ இன்னும் தின்னல. அதுவரைக்கும் நீ எனக்கு லீலண்டுதான். திரும்புடா இந்தப் பக்கம்!”

அவன் திரும்பினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஐயோ, இந்த மூஞ்சியைப் பாக்காம இருக்கிறதுக்கா நான் அழுதேன்?” என்றாள் அக்கா.

அதன் பிறகு பாறையை யார் சீண்டினார்கள்? கேமராவை அவன் கழுத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு அக்கா அவனையே எடுத்தாள். அவன் கறி தின்னும்போது, கொட்டாவி விடும்போது, கழுதையிடம் வழி கேட்பதுபோல நிற்கும்போது. மெக்சிகன் ஹாட் என்கிற ஊர் வரைக்கும் விடவில்லை. பாதிப் படத்தில் அவனுக்குத் தலை இல்லை, மீதியில் மூக்கு மட்டும். அவனும் அவளை எடுத்தான். நாக்கு நீட்டாமல் ஒரே ஒரு படத்துக்கு நின்றாள். அது முடிந்ததும், “போதும், அழகு தீர்ந்துடும்” என்று தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த வருஷம் டயர் கடைக்குக் காலண்டர் படம் தேறவே இல்லை. கடைக்காரர் ஏதோ பனிமலைப் படத்தைப் போட்டு ஒப்பேற்றினார்.

இலையுதிர் காலத்தில் கல்யாணம். எங்கள் பழைய மண்வீடான ஹோகனுக்குள் மணமக்கள் கூழ் தின்றபோது அக்கா வெளியே சமையல் கொட்டகையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்டுக்கறி கிண்டினாள். கிண்டிக்கொண்டே, “முடிஞ்சுதா? தின்னுட்டானா?” என்று என்னைப் பிடுங்கி எடுத்தாள். தின்றுவிட்டான் என்றேன். கரண்டியை வைத்துவிட்டுத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. இரண்டு பேருக்கும் நான்தான் கண். “அவன் இளைச்சுட்டானா? டார்வினா ஒழுங்கா சோறு போடுறாளா?” என்று அவள் ஒரு பக்கம். “அக்காவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? நொண்டுறாளா?” என்று அவன் ஒரு பக்கம். வேலை வெட்டி இல்லாதவனா நான்? எரிச்சல் தாங்காமல் புளுக ஆரம்பித்தேன். அக்காவுக்கு முன்பல் போய்விட்டது என்று அவனிடம் சொன்னேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டான். பதிலுக்கு அவளுக்குப் போன் போட்டு, “உன் மருமவனுக்கு உச்சி வழுக்கை. சுத்தமாக் காலி. தொப்பி போட்டு மறைக்கிறான்” என்றேன்.

“போடா புளுகா! முடி முன்னைக்கு இப்ப அடர்த்தியாத்தான் இருக்கு. காதோரம் கொஞ்சம் நரை, அவ்வளவுதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அக்கா... உனக்கு எப்படித் தெரியும்?”

போனில் இருமல்தான் வந்தது.

“அக்கா, பாத்துட்டியா?”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ உன் வேலையைப் பாரு” என்று போனை வைத்துவிட்டாள்.