பிறேக்குக்கு ஊற்றிய சவர்க்காரத் தண்ணீர்

உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தின் மணம் இன்றும் எனக்கு ஆகாது. கிணற்றடியில் யாராவது தோய்த்தால் எழும்பி அப்பால் போய்விடுவேன்.

அகதி முகாமிலிருந்து எங்கள் ஊர் வங்காலைக்குத் திரும்பி வந்து, தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த காலம். மன்னார் நகரில் மைத்துனர் வீட்டு வளவில் சண்டைக்குத் தப்பிக் கிடந்த என் பழைய காரைக் கொண்டுவந்து வாடகைக்கு ஓட்டினேன். அதில்தான் அடுப்பு எரிந்தது.

பழைய வாகனம் வைத்திருந்த நாலைந்து பேர் பின்னேரங்களில் ரயர் ஒட்டுகிற கடையடியில் கூடுவோம். கூடுவோம் என்றால், அவர்கள் கதைப்பார்கள். நான் பம்பரில் சாய்ந்து நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் வராது.

“என்ர காரில வலப்பக்கக் கதவைத் திறந்தால் ஹோர்ன் அடிக்குது,” என்பார் ஒருவர்.

“நல்லதுதானே ஐசே, காவல் நாய்க்குச் சோறு போடத் தேவையில்லை,” என்பார் இன்னொருவர்.

சண்டைக்குள் பெற்றோல் கிடைக்காத காலத்தில் சேலைன் போத்திலால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் காரை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் அவர்கள். செருப்பு ரப்பரை வெட்டி வாஷர் போட்டவர்கள். அது கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது பெற்றோல் வந்துவிட்டது. நகரக் கடைகளில் புதுப் பிறேக் ரப்பரும் பிறேக் ஓயிலும் வந்துவிட்டன. அப்படியிருந்தும் கடையில் வாங்கினேன் என்று அங்கே சொல்ல முடியாது. “வாங்கிப் பூட்டச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்,” என்பார் வெள்ளைக் கார்க்காரர். அங்கே பெரியவர் அவர்தான். கேவலம், இல்லாமையையே பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்தார்கள்.

ஒரு நாள் என் பிறேக் மிதிக்க மிதிக்க இறங்கியது. மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தடியில் ஆமிக் காவல் சென்றி இருந்தது. பீப்பா அடுக்கிய இடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். நிற்காத வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதனால்தான் வாய் திறந்து, எந்தப் பிறேக் ஓயில் வாங்குவது என்று கேட்டேன்.

“பிறேக் ஓயிலோ?” வெள்ளைக் கார்க்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, நான் பத்து வரியம் சவர்க்காரத் தண்ணியில ஓடினனான். கரைச்சு ஊத்தும். பிறகு வந்து எனக்குக் கும்பிடு போடுவீர்.”

“தோய்க்கிற கட்டி, அண்ணை,” என்றார் பக்கத்தில் நின்ற இன்னொருவர் என்னிடம். “முகத்துக்குப் போடுறதை ஊத்திப்போடாதேங்கோ, கார் மினுங்கத் துவங்கியிடும்.”

சிரிப்பார்களே என்று பயந்து கடைக்குப் போகவில்லை. ஊற்றினேன்.

நாலாம் நாள், காய்ச்சலில் கிடந்த மகளையும் மனைவியையும் மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். பீப்பா தெரிந்ததும் மிதித்தேன். கால் அடித்தட்டில் போய் முட்டியது. கார் போய்க்கொண்டே இருந்தது. ஆமிக்காரன் சிங்களத்தில் கத்தித் துவக்கை நீட்டினான். மனைவி மகளின் தலையை மடிக்குள் அமுக்கினாள். நான் கைப்பிறேக்கை இழுத்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் தெருவை விட்டிறங்கி உவர்ச் சேற்றில் புதைந்து நின்றது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பொனற்றைத் திறக்கச் சொன்னார்கள். பிறேக் ஓயில் இருக்க வேண்டிய இடத்தில் நுரை தளும்பியது. ஒருவன் விரலால் தொட்டு மணந்து பார்த்து, மற்றவனுக்கு ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியால் விட்டார்கள்.

மனைவியும் மகளும் வேறு வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக, நான் காரை நகரத்துக் கராச்சுக்கு இழுப்பித்துப் புது ரப்பர் போட்டேன். கழற்றிய பழையது உப்பி, துருவும் சவர்க்காரமும் சேர்ந்து, சளி மாதிரி விரலில் இழுபட்டது. ஏனோ எறியவில்லை. கடதாசியில் சுற்றிப் பொக்கற்றில் வைத்தேன்.

கதை எனக்கு முன்பே கடையடிக்குப் போயிருந்தது.

“எந்தச் சவர்க்காரம் போட்டனீர்?” என்றார் வெள்ளைக் கார்க்காரர். மகளுக்கு எப்படி என்று கேட்கவில்லை. “வாசனைக் கட்டியாத்தான் இருக்கும். சொன்னனாங்கள்தானே!”

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் பல்லைக் காட்டினேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வானில் ஏற்றி ஓடுகிற ஒருவர் அங்கே வந்தார். பிறேக் இறங்குகிறதாம். வெள்ளைக் கார்க்காரர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பயப்பிடாதையும், கடைச் சாமான் ஒண்டும் வேண்டாம். சவர்க்காரத் தண்ணி போதும். இவரைக் கேளும், இவரும் ஊத்தினவர்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொக்கற்றிலிருந்த கடதாசியைப் பிரித்து, அந்த ரப்பரை வந்தவரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இதென்ன அண்ணை?”

“என்ர பிறேக்,” என்றேன்.

அவர் ரப்பரைப் பார்த்தார், தன் வானைப் பார்த்தார். பிறகு வானை அங்கேயே விட்டுவிட்டு, புது ரப்பர் வாங்க மன்னார் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு ஓடினார்.

“எந்தச் சவர்க்காரமெண்டு கேட்டிட்டுப் போம், ஐசே!” என்று வெள்ளைக் கார்க்காரர் பின்னால் கத்தினார்.